காமாலையில் கல்லீரலைத் தாக்குவது யார்?

கேள்வி: டாக்டர், நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். பாலிடெக்னிக் படிக்கும் என் மகனுக்கு 19 வயது. பத்து நாள் முன்பு காய்ச்சலும் வாந்தியும் வந்தது. நாலாம் நாள் ஜுரம் விட்டது, ஆனால் கண் மஞ்சளாகிவிட்டது. ரத்தம் எடுத்துப் பார்த்து 'ஹெபடைடிஸ் ஏ' என்றார்கள். எஸ்.ஜி.பி.டி. 2,140, பிலிருபின் 9. "வைரஸ் குறைந்துகொண்டுதான் வருகிறது, பயப்படாதீர்கள்" என்கிறார் எங்கள் டாக்டர். வைரஸ் குறைகிறது என்றால் கல்லீரல் ஏன் கெட்டுக்கொண்டே போகிறது? என் மாமியார் எண்ணெய், உப்பு, பருப்பு எதையும் கண்ணில் காட்டக்கூடாது, கஞ்சியும் கரும்புச் சாறும் போதும் என்கிறார். ஆந்திரா பக்கம் கூட்டிப்போய்ப் பச்சிலை மருந்து கொடுக்கலாம் என்றும் சொல்கிறார். இன்னொரு சந்தேகம். என் கணவருக்குச் சர்க்கரை நோய். போன வருஷம் டெங்கு வந்தபோது வெறும் கஞ்சிதான் குடித்தார், அப்படியும் சர்க்கரை 300ஐத் தாண்டியது. அதுவும் கல்லீரல் செய்த வேலையா? தண்ணீரில் டேனரிக் கழிவு கலப்பதால்தான் காமாலை வருகிறது என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். ஏழு மாதக் கர்ப்பிணியான என் மகள் வளைகாப்பு முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவளை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.
— வாசகி, ஆம்பூர்

பதில் (கல்லீரல் மருத்துவர், வேலூர்):

அம்மா, விளக்கத்துக்குப் போகும் முன் இன்றைக்கே செய்ய வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மகனின் ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.பி.டி.யும் பிலிருபினும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். புரோத்ராம்பின் நேரம், அதாவது ஐ.என்.ஆர். என்ற பரிசோதனை எடுத்தார்களா என்று எழுதவில்லை. எடுக்கவில்லை என்றால் நாளைக் காலையே எடுத்துவிடுங்கள். பையன் ராத்திரி தூங்காமல் பகலில் தூங்கினாலோ, பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் எரிந்து விழுந்தாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ எந்த நேரமானாலும் பெரிய மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். ஆம்பூரிலிருந்து வேலூருக்கு ஐம்பது கிலோமீட்டர்தான். ஹெபடைடிஸ் ஏ வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் முழுமையாகக் குணமாகிவிடுவார்கள். ஆனால் அப்படிக் குணமாகாத ஒருசிலரை நேரத்தோடு கண்டுபிடித்தால்தான் காப்பாற்ற முடியும்.

இனி உங்கள் முதல் கேள்வி. வைரஸ் குறையும்போது கல்லீரல் கெடுவது ஏன்? இதைக் கேட்க உங்களுக்குத் தோன்றியதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். காமாலையைப் புரிந்துகொள்ள இதைவிடச் சரியான இடத்தில் தொடங்க முடியாது.

உங்கள் மகன் உடலுக்குள் அந்த வைரஸ் போனது பத்து நாள் முன்பு அல்ல. காய்ச்சல் தொடங்குவதற்கு இரண்டு வாரத்திலிருந்து ஏழு வாரத்துக்குள், சராசரியாக 28 நாள் முன்பு. அசுத்தமான தண்ணீரிலோ உணவிலோ வந்து, குடலைக் கடந்து, கல்லீரல் செல்களுக்குள் குடியேறி, சத்தமில்லாமல் பெருகியிருக்கிறது. அந்த வாரங்களில் அவன் காலேஜ் போயிருப்பான், கிரிக்கெட்கூட ஆடியிருப்பான். மலத்தில் வைரஸ் மிக அதிகமாக வெளியேறுவது காமாலைக்கு முந்தைய ஒன்றிரண்டு வாரங்களில்தான். ஹெபடைடிஸ் ஏ வைரஸ் தான் வாழும் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. தாமதமாக விழித்துக்கொள்ளும் நம் எதிர்ப்பு அணுக்கள்தான் அந்தச் செல்லைக் கொல்கின்றன. கொலை வேலைக்கென்றே இருக்கும் டி செல்கள், வைரஸின் அடையாளம் தெரியும் ஒவ்வொரு கல்லீரல் செல்லையும் தேடிப் பிடித்து அழிக்கின்றன. வைரஸ் ஒழிவதும் செல்கள் சாவதும் ஒரே நேரத்தில் நடக்கிறது. கண் மஞ்சளாகும்போது வைரஸ் ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருக்கிறது. உங்கள் டாக்டர் சொன்னது சரிதான்.

இதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டால் வயதைப் பார்க்கச் சொல்வேன். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இதே வைரஸ் வந்தால் பெரும்பாலும் காமாலையே தெரியாது, சாதாரண வயிற்றுக் கோளாறு மாதிரி வந்து போய்விடும். பெரியவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் கண் மஞ்சளாகும். நம் தலைமுறையில் பலருக்குக் குழந்தையிலேயே வந்து, தெரியாமலே போய், ஆயுளுக்கும் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. சுகாதாரம் மேம்பட்ட வீடுகளில் வளரும் பிள்ளைகள் அந்த வைரஸை முதன்முதலாகச் சந்திப்பதே வாலிப வயதில்தான். அந்த வயதில் எதிர்ப்புச் சக்தி முழு பலத்தில் இருப்பதால் கல்லீரலுக்கு விழும் அடியும் பலமாக இருக்கிறது. 2024இல் கேரளத்தின் மலப்புரம், எர்ணாகுளம் மாவட்டங்களில் ஹெபடைடிஸ் ஏ பரவி உயிர்கள் போனதற்குப் பின்னாலும் இந்த வயது மாற்றம் இருக்கிறது.

ஹெபடைடிஸ் பி இதையே மறுபக்கத்திலிருந்து காட்டுகிறது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து பி வைரஸ் தொற்றிய சிசுவுக்கு அநேகமாகக் காமாலை வருவதே இல்லை. சிசுவின் எதிர்ப்புச் சக்தி சண்டைக்கே போவதில்லை. அதனால் பத்தில் ஒன்பது சிசுக்களுக்கு வைரஸ் உடலில் நிலையாகத் தங்கிவிடுகிறது. பெரியவருக்கு அதே வைரஸ் தொற்றினால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் அதை விரட்டிவிடுகிறார்கள், ஆனால் பலர் காமாலையில் படுத்து எழுந்துதான் விரட்டுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் ஏறத்தாழ 2.98 கோடிப் பேர் உடலில் ஹெபடைடிஸ் பி இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது.

அந்த 2,140 என்ற எண்ணுக்கு வருகிறேன். எஸ்.ஜி.பி.டி. என்பது நோயின் பெயரோ விஷமோ அல்ல. கல்லீரல் செல்லுக்குள் தினமும் வேலை செய்யும் ஒரு நொதி. நாம் சாப்பிடாமல் இருக்கும்போது தசையிலிருந்து அலனின் என்ற அமினோ அமிலம் கல்லீரலுக்கு வரும். அதைச் சர்க்கரையாக மாற்றும் பாதையில் முதல் அடியை எடுத்துவைப்பது இந்த நொதிதான். செல் உடைந்தால் அது ரத்தத்தில் சிந்துகிறது. எத்தனை செல்கள் உடைந்தன என்பதற்கு அது ஓர் அடையாளம். மிச்சமிருக்கும் செல்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது ஐ.என்.ஆர்., ஏனென்றால் ரத்தம் உறைவதற்கான புரதங்களைக் கல்லீரல் அன்றாடம் செய்துகொண்டே இருக்க வேண்டும். ஏழாம் காரணி என்ற புரதம் ரத்தத்தில் சில மணி நேரம்தான் தாங்கும். கல்லீரல் வேலையை நிறுத்தினால் மறுநாளே ஐ.என்.ஆர்.இல் தெரிந்துவிடும். எஸ்.ஜி.பி.டி. 2,000லிருந்து 300க்கு இறங்கியதும் வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். கூடவே பிலிருபினும் ஐ.என்.ஆர்.உம் ஏறிக்கொண்டிருந்தால் அந்த இறக்கம் ஆபத்தானது. உடைவதற்குச் செல்கள் மிச்சமில்லை என்று அதற்குப் பொருள். மூன்று எண்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

செல்கள் சாவது ஒரு பக்கம். சாகாத செல்களும் காய்ச்சல் காலத்தில் வழக்கமான வேலையைச் செய்வதில்லை, அம்மா. உங்கள் கணவர் கதையும் மகன் கதையும் இங்கேதான் சேருகின்றன. உடலில் எங்கே வைரஸ் நுழைந்தாலும் எதிர்ப்பு அணுக்கள் இன்டர்ஃபெரான், இன்டர்லூகின்-6 போன்ற சமிக்ஞைப் பொருள்களை ரத்தத்தில் விடுகின்றன. அவற்றைப் படித்ததும் கல்லீரல் தன் வேலைப் பட்டியலையே மாற்றுகிறது. அல்புமின் தயாரிப்பைக் குறைத்து, சி.ஆர்.பி. மாதிரி போர்க்காலப் புரதங்களைப் பல நூறு மடங்கு கூட்டுகிறது. ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து ரத்தத்து இரும்பைக் கிருமிகளுக்குக் கிடைக்காமல் பூட்டிவைக்கிறது. பித்தத்தை வெளியே தள்ளும் பம்புகளை அடக்குகிறது. மஞ்சளும் அரிப்பும் நீடிப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

சர்க்கரை விஷயத்தில் நடப்பது இது. காய்ச்சலில் கார்டிசால், அட்ரினலின் சுரப்பு கூடுகிறது. கல்லீரல் தன் சேமிப்பை உடைத்தும் தசைப் புரதத்தை உருக்கியும் ரத்தத்தில் சர்க்கரையைக் கொட்டுகிறது. 'போதும்' என்று இன்சுலின் சொன்னால் வழக்கமாகக் கேட்கும் கல்லீரல், அப்போது சரியாகக் கேட்பதில்லை. தசையும் இன்சுலினுக்கு மசிவதில்லை. வைரஸ் தொற்றின்போது சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமா தசையில் நேரடியாக இந்த முரண்டை உண்டாக்குவதை 2018இல் குரோவேஷியாவின் ரியேகா நகர ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். ஏற்கெனவே உடல் பருத்த எலிகளில் அது சர்க்கரைக் கட்டுப்பாட்டையே குலைத்துவிட்டது. ஆக உங்கள் கணவருக்கு 300 ஏறியதில் கல்லீரலுக்கும் பங்கு உண்டு, தசைக்கும் உண்டு. அவர் குடித்த கஞ்சிக்கும் உண்டு, கஞ்சி முழுக்க மாவுச்சத்துதானே. அடுத்த முறை காய்ச்சல் வந்தால் சர்க்கரை மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம், தானாகக் கூட்டவும் வேண்டாம். வாந்தியும் நீரிழப்பும் இருந்தால் மெட்ஃபார்மினை நிறுத்தி, சில நாள் இன்சுலின் கொடுக்க வேண்டியிருக்கலாம். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மகனுக்கு நேர் எதிரான பயம் இருக்கிறது. கல்லீரலின் கிளைக்கோஜன் சேமிப்பு நல்ல ஆரோக்கியத்திலேயே ஒரு நாள் பட்டினிக்குத்தான் வரும். செல்கள் அழிந்திருக்கும்போது இன்னும் குறைவு. அதனால் சாப்பிடாமல் கிடந்தால் சர்க்கரை இறங்கிவிடலாம். வீட்டில் கணவரின் குளுக்கோமீட்டர் இருக்கும். மகன் சோர்ந்து, வியர்த்து, குழம்பினாற்போல இருந்தால் புது ஊசி முனை போட்டுப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மயக்கத்தில் விழுங்க முடியாமல் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் கொண்டுபோங்கள். ஒரே ஊசி முனையை இருவருக்குக் குத்துவது ஹெபடைடிஸ் பி பரவும் வழிகளில் ஒன்று. அதை மட்டும் எந்த அவசரத்திலும் செய்துவிடாதீர்கள்.

இப்போது மாமியாரின் பத்தியம். அவர் அன்போடு சொல்கிறார். வீட்டில் வைத்துக் காப்பாற்றிய அனுபவமும் அவருக்கு இருக்கும். காய்ச்சல் என்றால் பட்டினி போடு என்பது நம் ஊர்ப் பழைய வழக்கம். 2016இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இதை எலிகளில் சோதித்தார்கள். ஒரு வகை பாக்டீரியா தொற்றில் பட்டினி எலியைக் காப்பாற்றியது, சர்க்கரை கொடுத்தால் செத்தது. இன்ஃபுளுவென்சா வைரஸில் தலைகீழாக நடந்தது. சர்க்கரை கிடைக்காத எலிகள்தான் செத்தன. மனிதருக்கு அதை அப்படியே பொருத்த மாட்டேன். ஆனால் வைரஸ் காமாலையில் பட்டினி கூடாது என்பதை மருத்துவமனை வார்டு எங்களுக்கு நெடுநாளாகவே சொல்லிக்கொண்டிருக்கிறது.

புரதம் வேண்டும். பருப்பு, தயிர், முட்டை, மீன் எதையும் விலக்க வேண்டாம். புரதம் வராவிட்டால் உடல் தன் தசையைத் தின்னும். ரத்தத்து அம்மோனியாவைக் கட்டுப்படுத்துவதில் கல்லீரலுக்குத் துணை நிற்பது தசைதான், அதையும் இழக்கக்கூடாது. உப்பைக் குறைப்பது வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு உரியது, உங்கள் மகனுக்கு வேண்டியதில்லை. எண்ணெய் விஷமல்ல. மலம் வெளுத்துப் போனால் பித்தம் குடலுக்கு வரவில்லை என்று அர்த்தம், அப்போது கொழுப்பு செரிக்காது, குமட்டும். அந்த நாள்களில் மட்டும் குறைத்தால் போதும். குமட்டல் சாயங்காலம் கூடும், காலையில் குறைவாக இருக்கும். எனவே காலைச் சாப்பாட்டைப் பெரிதாக்கி, மிச்சத்தை ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். படுக்கும் முன் ஏதாவது ஒரு பிடி கட்டாயம். கரும்புச் சாறு கல்லீரலுக்கு மருந்தல்ல. ரோட்டோர இயந்திரமும் அங்கே போடும் ஐஸும் இதே வைரஸைப் பரப்பக்கூடியவை. வேண்டுமானால் வீட்டில் எலுமிச்சைச் சாறு, இளநீர் கொடுங்கள். ஆம்பூர்க்காரர்கள் அடுத்துக் கேட்பது பிரியாணி எப்போது என்றுதான். பசி திரும்பி வாந்தி நின்றதும் வீட்டில் சமைத்ததைச் சாப்பிடட்டும். மதுதான் பல மாதங்களுக்குக் கூடாது. 19 வயதுப் பையன் என்பதால் இதை அவனிடம் தனியாக உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

பச்சிலை மருந்து விஷயத்தில் எனக்கு அழுத்தமான கருத்து இருக்கிறது. காய்ச்சல் சமிக்ஞைகள் கல்லீரலில் அடக்கும் வேலைகளில் ஒன்று, மருந்துகளை உடைத்து வெளியேற்றும் வேலை. 1980இல் அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தில் இன்ஃபுளுவென்சா பி பரவியபோது, ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் சாப்பிட்டுவந்த குழந்தைகளுக்கு வழக்கமான அளவே விஷமானது. நம் ஊரில் இழுப்புக்குக் கொடுக்கும் டெரிஃபில்லின் மாத்திரையில் இருப்பதும் அந்த மருந்துதான். வழக்கமான மருந்துக்கே இப்படி என்றால், என்ன இலை, எவ்வளவு சாறு என்று தெரியாத ஒன்றை அடிபட்ட கல்லீரலுக்குக் கொடுக்கலாமா? கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்தி கூடும் என்று நம்பிச் சீந்தில் கொடி சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை 2021இல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கிக்கொண்டிருக்கும்போது அதை இன்னும் தூண்டிவிடுவதில் என்ன நன்மை?

கீழாநெல்லி என்ன பாவம் செய்தது என்று கேட்பீர்கள். தமிழ்நாடு அதை அறிவியல் முறைப்படியே சோதித்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்குடன் இணைந்து, 1988இல் 'லான்செட்' இதழில் எழுதியது. நாள்பட்ட பி தொற்று உள்ள 37 பேருக்கு முப்பது நாள் கொடுத்ததில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் மறைந்தது என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிற இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த முயற்சியின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் என் நோயாளிக்கு அதை நான் தருவதில்லை. ஹெபடைடிஸ் ஏ எந்த மருந்தும் இல்லாமலே போய்விடும். அந்த வாரங்களில் எது கொடுத்தாலும் அதுவே குணமாக்கியதாகப் பெயர் வாங்கிக்கொள்ளும். காய்ச்சல் மாத்திரையிலும் கவனம் வேண்டும். பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 2 கிராமைத் தாண்டக்கூடாது, அதாவது 650 மில்லிகிராம் மாத்திரை மூன்றுதான். சளி மாத்திரையிலும் உடம்புவலி மாத்திரையிலும் அதுவே கலந்திருக்கும். பட்டினி கிடப்பவருக்குக் குறைந்த அளவுகூடக் கெடுதி செய்யும்.

மகனின் களைப்பு நீங்க ஒன்றிரண்டு மாதம் ஆகும். ஆனால் இந்தத் தாக்குதலில் கல்லீரலும் சும்மா இருப்பதில்லை. 2019இல் வியன்னாவில் எலிகளில் ஒரு விஷயம் கண்டார்கள். வைரஸ் தொற்றின்போது இன்டர்ஃபெரான், கல்லீரலில் அம்மோனியாவை யூரியாவாக்கும் பாதையையே மாற்றிவிடுகிறது. ரத்தத்தில் ஆர்ஜினின் குறைகிறது. ஆர்ஜினின் இல்லாமல் டி செல்கள் சோர்ந்துபோகின்றன, கல்லீரல் சேதமும் மட்டுப்படுகிறது. தன்னைத் தாக்க வரும் படைக்குக் கல்லீரலே சோற்றைக் குறைக்கிறது. படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

டேனரிக் கழிவு பற்றி. பாலாற்றங்கரையின் குரோமியமும் உப்பும் பொய்யல்ல. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு நாடறிந்தது. அந்தப் போராட்டம் தேவை. ஆனால் உங்கள் மகனின் காமாலைக்குக் காரணம் தோல் கழிவு அல்ல, மனித மலம் கலந்த தண்ணீர். சில நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடும் ஊரில், விடாத நேரம் குழாயில் அழுத்தம் இருக்காது. பக்கத்துச் சாக்கடை விரிசல் வழியாக உள்ளே உறிஞ்சப்படும். டேனரியை மட்டும் குறைசொன்னால் இந்த விரிசலை அடைக்க யாரும் கேட்கமாட்டார்கள். தெருவில் இன்னும் யாருக்காவது காமாலை இருந்தால் நகராட்சிச் சுகாதாரப் பிரிவில் எழுதிக் கொடுங்கள். குடிதண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவையுங்கள். கேன் தண்ணீருக்கும் அதுவே.

இனி உங்கள் மகள். கர்ப்பிணிகளுக்கு எமனாக இருப்பது ஹெபடைடிஸ் ஏ அல்ல, அதே தண்ணீர் வழியே வரும் ஹெபடைடிஸ் ஈ. டெல்லியில் 1955-56இல் வஜீராபாத் நீரேற்று நிலையத்தில் யமுனையின் சாக்கடைத் தண்ணீர் புகுந்து ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை வந்தது. அப்போது கர்ப்பிணிகள் மற்றவர்களைவிட அதிகமாக இறந்தார்கள். அது 'ஏ' அல்ல என்று தெரியவந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான். கடைசி மூன்று மாதத்தில் 'ஈ' வந்தால் நூற்றுக்கு 20 முதல் 25 பேர்வரை இறக்கக்கூடும். கர்ப்பத்தில் எதிர்ப்புச் சக்தியும் ஹார்மோன்களும் மாறியிருப்பது இதற்கு ஒரு காரணம் என்று கருதுகிறோம். இரண்டு வைரஸும் ஒரே குழாயில் வரலாம் என்பதால் மகனுக்கு ஹெபடைடிஸ் ஈ ஐ.ஜி.எம். பரிசோதனையும் எடுக்கச் சொல்லுங்கள். வேலூர் இதற்கெல்லாம் பழக்கப்பட்ட ஊர். டாக்டர் டி. ஜேக்கப் ஜான் சி.எம்.சி.யில் வைரஸ் கண்டறியும் ஆய்வகத்தைத் தொடங்கியது 1960களில். 

மகள் கொதித்து ஆறிய தண்ணீரை மட்டும் குடிக்கட்டும், பல் துலக்கவும் அதுவே. பச்சைக் காய்கறி சாலட், வெளிச் சட்னி வேண்டாம். காமாலை தெரிந்து ஒரு வாரம்வரை மகனின் மலத்தில் வைரஸ் இருக்கும். அதுவரை அவனுக்குத் தனிக் கழிப்பறை, முடியாவிட்டால் ஒவ்வொரு முறையும் பிளீச்சிங் போட்டுக் கழுவுவது, எல்லோருக்கும் சோப்பு. அவள் அவனோடு ஒரே வீட்டில் இருக்கத் தொடங்கி இரண்டு வாரம் தாண்டவில்லை என்றால் ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி பற்றி மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். செயலிழந்த வைரஸில் செய்த ஊசியைக் கர்ப்பத்திலும் போடலாம். கண் மஞ்சள், சிறுநீர் மஞ்சள், விடாத வாந்தி என்று ஏதாவது தெரிந்தால் அன்றே கூட்டிப் போங்கள். அவளுடைய கர்ப்ப கால அட்டையை எடுத்து ஹெபடைடிஸ் பி பரிசோதனை முடிவு எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். எழுதியிருக்காவிட்டால் அடுத்த செக்கப்பில் கேட்டு வாங்குங்கள். பாசிட்டிவ் என்று வந்தால், பிறந்த 12 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். அது கிடைக்கும் மருத்துவமனையில்தான் பிரசவம் பார்க்க வேண்டும் என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நெகட்டிவ் என்றாலும், குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஹெபடைடிஸ் பி ஊசி அரசுத் திட்டத்தில் இலவசம்.